படிகள் காத்தவையும் காவாதவையும்: ஏட்டுச்சுவடி முதல் வன்தட்டு வரை



நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது நம்மிடையே அடிக்கடி எடுத்துரைக்கப்படும் கணக்கு. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. பேராக் மாநிலத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. குறைந்துபோன பள்ளிகளைப் பற்றி மேடைகளில் வருந்திப் பேசுகிறோம். ஆனால், அந்தப் பள்ளிகளோடு மறைந்துபோன பதிவேடுகள், புகைப்படங்கள், ஆண்டு மலர்கள், தலைமையாசிரியர்களின் குறிப்பேடுகள் ஆகியவை எங்கே என்று நாம் கேட்பதில்லை. இருக்கின்ற பள்ளிகளின் ஆவணங்களும் இப்பொழுது பெரும்பாலும் ஒரு கணினியிலும், அதனோடு இணைத்த ஒரு வன்தட்டிலும் அடங்கிக் கிடக்கின்றன. 'இரண்டு படி இருக்கிறது, கவலை இல்லை' என்று மனநிறைவு கொள்கிறோம். இரண்டு படி இருந்தால் போதுமா? இந்தக் கேள்விக்குத் தமிழரின் நூல் வரலாறே தெளிவான விடை தருகிறது. அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

ஏட்டுக் காலத்துக் காப்புப்படி

பனையோலை நெடுநாள் நில்லாத பொருள். செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அரித்துவிடும். நன்கு பேணினாலும் சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது அரிது. ஆதலால், ஒரு நூல் வாழ வேண்டுமானால் அது தலைமுறைதோறும் புதிய ஓலைக்கு மாற்றி எழுதப்பட வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்துள்ளன என்றால், இடையில் எத்தனையோ பெயர் தெரியாத கைகள் அவற்றைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துள்ளன என்பதே பொருள்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகள் இருந்தன என்று கேள்வியுற்று அவர் அங்குச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளோர் கூறினர். ஆகமத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்ட பிறகு, பழையதை மதிப்போடு எரியூட்டுவதே அந்த வழக்கத்தின் உட்கருத்தாக இருந்திருக்க வேண்டும். காலப்போக்கில் படியெடுக்கும் வேலை மறைந்தது, எரிக்கும் வேலை மட்டும் எஞ்சியது.

எல்லாப் படியிலும் ஒரே இடைவெளி

சங்க நூல்களை அச்சுக்குக் கொணர்ந்த வரலாற்றை நாம் வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல் என உ.வே.சா. பதிப்பித்த நூல்களின் வரிசை நீண்டது. ஆனால், அவருக்குக் கிடைக்காமற்போனவற்றை நாம் மிகுதியாகச் சொல்வதில்லை.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்து என்னும் பெயரே பத்துப் பத்துகளைக் குறிக்கும். ஆயினும் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. பரிபாடல் எழுபது என்பது மரபு. முழுமையாகக் கிடைத்தவை 22 பாடல்களே. பெருங்கதைக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை.

இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பதிற்றுப்பத்துக்கு ஒரே சுவடிதான் கிடைத்தது என்பதன்று. பல சுவடிகள் கிடைத்தன. அவை அனைத்திலும் அதே முதற்பத்தும் அதே பத்தாம் பத்தும் இல்லை. சுவடிக்கட்டின் தலைப்பகுதியும் கடைப்பகுதியும்தான் முதலில் சிதையும். அவ்வாறு சிதைந்த ஒரு தாய்ச்சுவடியிலிருந்து பிற படிகள் கிளைத்திருக்க வேண்டும். பின்வந்தோர் எத்தனை படி எடுத்தாலும் அந்த இழப்பையும் சேர்த்தே படியெடுத்தனர். எண்ணிக்கையில் பல, உண்மையில் ஒன்று. அப்படிகள் பிரியுமுன்னரே இழப்பு நேர்ந்துவிட்டது.

உதிர்ந்த மலர்கள்

இதற்கு மாறான ஒரு நற்செய்தியும் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன என்பதை நாம் அறிவோம். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த உ.வே.சா.விடம் இருந்த படிகளில் அந்தப் பூவரிசையின் நடுவே ஓரிடம் சிதைந்து, சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. தருமபுர ஆதீனத்திற்குச் சென்று அங்கிருந்த சுவடிகளுள் தேடினார். வேறு வழியில் வந்த ஒரு படியில் அந்தப் பூக்கள் உதிராமல் இருந்தன. இந்நிகழ்ச்சியை 'உதிர்ந்த மலர்கள்' என்னும் தலைப்பிலேயே அவர் கட்டுரையாக எழுதியுள்ளார்.

மீட்டுத் தந்தது மிகுதியான படியன்று, வேறான படி. ஒரே வீட்டில் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகளால் ஆகாதது, வேறோர் ஊரில், வேறொரு காலத்தில், வேறொரு கை எழுதிய ஒரு படியால் ஆயிற்று.

வேறு நோக்கத்திற்காக எழுதப்பட்டவை

இன்னொரு வகை மீட்பும் உண்டு. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் மூவேந்தரைப் பாடியது. அந்த நூலின் முழுச்சுவடி எவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால், நூற்றுக்கும் மேற்பட்ட அதன் பாடல்களை நாம் இன்று படிக்கிறோம். அவை எப்படி வந்தன? ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர், பல நூல்களிலிருந்து தமக்குப் பிடித்த செய்யுள்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் புறத்திரட்டு என்னும் தொகுப்பைச் செய்தார். முத்தொள்ளாயிரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்திருக்க வழியில்லை. அவர் காலத்தில் அந்நூல் முழுமையாகக் கையில் இருந்திருக்கலாம். கற்பதற்கு ஏற்ற ஒரு திரட்டைச் செய்தார், அவ்வளவே. மூலநூல் மறைந்தது, திரட்டு நின்றது.

பதிற்றுப்பத்தின் இழந்த பகுதியைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் சில பாடல்களும், பரிபாடலின் சில பகுதிகளும் இவ்வாறே புறத்திரட்டிலிருந்தும், தொல்காப்பிய உரைகளில் உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களிலிருந்தும் திரட்டப்பட்டவை. நூல் போய்விட்டது. அதன் துணுக்குகள் பிற நூல்களுக்குள் சிதறிக் கிடந்தன. இவை எந்தப் பாட்டின் பகுதி என்று பெயரும் எண்ணும் இல்லாத நிலையிலும், பாவகையையும் பொருளையும் கொண்டு அறிஞர்கள் அடையாளம் கண்டனர்.

இன்று கணினி வல்லுநர்கள், அழிந்த வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்கும்போது செய்வதும் ஏறத்தாழ இதுவே. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒட்டுக்கன்றும் குளோனும்

வன்தட்டை அப்படியே மறுபதிப்புச் செய்வதைக் கணினித் துறையில் 'குளோன்' என்கிறார்கள். இந்தச் சொல் கணினியில் பிறந்ததன்று. கிளை, தளிர் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஒரே செடியின் ஒட்டுகளைக் குறிப்பதற்காக 1903இல் அமெரிக்கத் தாவரவியலார் எர்பெர்ட் வெபர் இதனை உருவாக்கினார். நம் பேராக் மண்ணுக்கும் இச்சொல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1877இல் ஆங்கிலேய அதிகாரி இயூ லோ காலத்தில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றெனச் சுட்டப்படும் மரம் இன்றும் அங்கு மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. தொடக்கத்தில் தோட்டங்களில் விதைக்கன்றுகளையே நட்டனர். மரத்துக்கு மரம் பால் அளவு வேறுபட்டது. 1910களில் ஜாவாவிலும் சுமத்ராவிலும் மொட்டு ஒட்டும் முறை வளர்ந்தது. 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு வகைகளைத் தந்தது. சிறந்த ஒரு மரத்தின் மொட்டிலிருந்து ஆயிரக்கணக்கான ஒட்டுக்கன்றுகள் உருவாயின. நம் தாத்தா பாட்டிமார் நிரைபிடித்துப் பால் வெட்டிய மரங்களுள் பல இத்தகைய குளோன்களே.

தாய்மரத்தின் நற்குணம் முழுவதும் ஒட்டுக்கன்றுக்கு வரும். தாய்மரத்தின் குறையும் முழுவதும் வரும். ஒரு நோய் ஒரு மரத்தைத் தாக்குமானால் அதே வகை மரங்கள் அனைத்தையும் தாக்க வல்லது. இந்த உண்மையைத் தோட்ட மக்கள் அறிவார்கள். வன்தட்டுக் குளோனுக்கும் இது பொருந்தும்.

படி இருந்தும் இழந்த கதைகள்

1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் இயங்குபடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளை, படத்தின் கோப்புகளுள் பெரும்பகுதியை அழித்தது. காப்புப்படியைத் தேடினார்கள். அது சில காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. இறுதியில் படத்தைக் காத்தவர் காலின் சுஸ்மன் என்னும் பணியாளர். கைக்குழந்தை இருந்தமையால் அவர் வீட்டிலிருந்து பணி செய்தார். அதற்காக அவர் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு படி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி மகிழுந்தில் வைத்து அலுவலகத்திற்குக் கொண்டு சென்றார்கள். காக்கவென்று அமைத்த படி கைவிட்டது. குழந்தையை வளர்க்கும் ஒரு தாயின் பணி வசதிக்காக எடுத்த படி காத்தது. நம் புறத்திரட்டை இங்கு நினைவு கூரலாம்.

2021 டிசம்பரில் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது இதனினும் வியப்புக்குரியது. அங்கே காப்புப்படி எடுக்கும் நிரலே பிழைபட்டு, 77 டெராபைட் அளவுள்ள, ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகளை அழித்துவிட்டது. காவலுக்கு வைத்த கருவியே களவாடியது போலாயிற்று.

நம் பள்ளிகளுள் ஒன்றில் நடந்தது

வெளிநாட்டுச் செய்தி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. பேராக்கின் உட்பகுதியில், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பின் வீடமைப்புப் பகுதிக்கு இடம்பெயர்ந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்ததை நான் நேரில் கண்டேன். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம்.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் அல்லது அதற்குமேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிவகுத்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகளுள் அதுவும் ஒன்று. ஆண்டு மலர் ஒன்றினை வெளியிடுவதற்காக 2012இல் அப்பள்ளியின் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக வருடி, கணினியில் படங்களாகச் சேமித்தார்கள். அந்தப் பணியில் துணை நின்றவர்களுள் நானும் ஒருவன். பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், தோட்டத்தின் எந்த டிவிஷன், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியன இருந்தன. காரணப் பகுதியில் 'வேலைக்குப் போனது', 'தகப்பன் வேறு தோட்டம்' என்னும் சொற்களே மிகுதி. பின்னர்ச் சேமிப்பறையில் கறையான் புகுந்து தாள்களைத் தின்றுவிட்டது. படங்கள் மட்டுமே எஞ்சின.

அலுவலகக் கணினியோடு வெளி வன்தட்டு ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் கணினியில் உள்ளதை அப்படியே அதில் பிரதிபலிக்கும் நிரல் இயங்கியது. 2018இல் இடப்பற்றாக்குறை காரணமாக யாரோ ஒரு கோப்புறையை நீக்கினார்கள். அன்றிரவே வெளி வன்தட்டிலும் அது நீங்கியது. நிரல் தன் கடமையைத்தான் செய்தது. கணினியில் இல்லாதது படியிலும் இருக்கக்கூடாது என்பதே அதற்கிடப்பட்ட ஆணை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தைப் போல, இழப்பும் படியெடுக்கப்பட்டது.

பல மாதங்களுக்குப் பிறகே இது தெரியவந்தது. ஒரு நாள், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்தார். கையில் சிவப்பு அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த எத்தனையோ பேருக்கு அது இல்லை. இத்தகையோருக்காக 2011இல் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கமே நடத்தப்பட்டது. குடியுரிமை விண்ணப்பத்திற்குத் துணைச் சான்றாகத் தாம் படித்த பள்ளியின் பதிவேட்டுப் படி வேண்டும் என்று அந்த அம்மையார் கேட்டார். தேடியபோதுதான் கோப்புறையே இல்லை என்பது புலப்பட்டது.

நீக்கிய கோப்பை மீட்க இயலாதா என்று கேட்கலாம். இயலும், ஆனால் காலம் தாழ்த்தக்கூடாது. நாம் ஒரு கோப்பை நீக்கும்போது வன்தட்டு அதன் உள்ளடக்கத்தை உடனே அழிப்பதில்லை. பொருளடக்கத்தில் உள்ள அதன் வரியை மட்டும் அடித்துவிட்டு, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. புதிய கோப்பு ஒன்று அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழைய செய்தி அங்கேயே இருக்கும். இந்தப் பள்ளியிலோ பல மாதங்கள் கடந்துவிட்டன. விளையாட்டுப் போட்டிக் காணொலிகளும் நிகழ்ச்சிப் படங்களும் அந்த இடங்களை நிரப்பிவிட்டன. இரண்டு வன்தட்டிலும் மீட்பு முயற்சி பயனளிக்கவில்லை.

வழி வேறொரு மூலையிலிருந்து பிறந்தது. 2015இல் அலுவலகக் கணினியின் பழைய வன்தட்டை மாற்றியபோது, கடைக்காரர் அதனைக் குளோன் செய்து புதியதைப் பொருத்தியிருந்தார். பழைய தட்டு உறையிலிடப்பட்டு அலமாரியில் கிடந்தது. அதனைக் காப்புப்படி என்று எவரும் கருதவில்லை; தூக்கியெறிய மனமின்றி வைத்திருந்தார்கள். ஈப்போவில் இத்தொழில் தெரிந்த ஓர் இளைஞரிடம் கொடுத்தோம். இணைத்தவுடன் தட்டு 'டக் டக்' என்று ஒலித்தது. அவர் உடனே நிறுத்திவிட்டார். பழுதான தட்டில் நேரடியாகத் தேடினால் அது முற்றிலும் செத்துவிடும் என்றார். முதலில் அதன் ஒவ்வொரு துண்டத்தையும், காலி என்று குறிக்கப்பட்டவற்றையும் விடாமல், வேறொரு நல்ல தட்டுக்குக் குளோன் எடுத்தார். படிக்க முடியாத துண்டங்களைத் தாண்டிச் சென்று, பின்னர்த் திரும்பித் திரும்பி முயன்றார். அதன் பிறகு மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, குளோனில்தான் தேடினார். சிதைந்த ஏட்டை ஒருமுறை கவனமாகப் படியெடுத்துக்கொண்டு, ஆராய்ச்சியைப் படியில் வைத்துக்கொள்ளும் பதிப்பாசிரியரின் முறையும் இதுவேயன்றோ!

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கோப்புகளை மட்டும் பார்த்து நகலெடுத்தால், நீக்கப்பட்டவை நகலில் வாரா. துண்டம் துண்டமாகக் குளோன் எடுத்தால், நீக்கப்பட்டவற்றின் எச்சமும் கூடவே வரும். பொருளடக்கம் சிதைந்த பகுதிகளில், ஒவ்வொரு வகைக் கோப்பும் தன் தொடக்கத்தில் தாங்கியிருக்கும் முத்திரையைக் கொண்டு நிரல் அதனை அடையாளம் காணும். ஃபோட்டோரெக் என்னும் கட்டற்ற நிரல் இவ்வாறு செயல்படுவது. இப்படி மீட்ட படங்களுக்குப் பெயர் இராது, ஆண்டு இராது. வெறும் எண்களே இருக்கும். பாட்டின் பெயர் தெரியாத மேற்கோள்களைப் போன்றவை அவை. நானும் இரண்டு ஆசிரியர்களும் பள்ளி விடுமுறையில் அமர்ந்து, கையெழுத்தையும் சேர்க்கை எண்களையும் பார்த்துப் பக்கங்களை வரிசைப்படுத்தினோம்.

பெரும்பகுதி கிடைத்தது. சில பக்கங்கள் பாதியளவில் சாம்பல் நிறமாகக் கிடந்தன. அந்த அம்மையாரின் பக்கம் அவற்றுள் ஒன்று. அவர் பெயரும் தந்தை பெயரும் தெரிந்தன. பிறந்த நாள் இருந்த பகுதி போய்விட்டது. தந்தை வேறு தோட்டத்துக்கு மாறியபோது தாம் அங்குள்ள பள்ளியில் இரண்டாண்டு படித்ததாக அவர் சொன்னார். மாறிச் செல்லும் பிள்ளையின் விவரங்களைப் புதிய பள்ளி தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வது வழக்கம். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் பழைய பதிவேட்டைத் தாளாகவே பாதுகாத்து வைத்திருந்தார். அதில் பிறந்த நாள் மை மங்காமல் இருந்தது. இரண்டு படிகளையும் உறையிலிட்டுக்கொண்டு அம்மையார் பதிவிலாகாவுக்குப் புறப்பட்டார்.

மீண்டும் வந்தது, படிக்க முடியவில்லை

அதே பழைய வன்தட்டில் இன்னொன்றும் இருந்தது. 1990களில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த பள்ளி வரலாறு. கோப்பு பழுதின்றித் திறந்தது. ஆனால் திரையில் தோன்றியவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே.

காரணம் இதுதான். யூனிகோடு தரத்தில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது பரவலான பயன்பாட்டுக்கு வர 2000களின் நடுப்பகுதி ஆயிற்று. அதற்குமுன் ஒவ்வொரு மென்பொருளும் தமிழெழுத்துகளைத் தனக்குரிய எண்களில் வைத்துக்கொண்டது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது நமக்கெல்லாம் பெருமை. அதனோடு வேறு பல எழுத்துருக்களும் நம் பள்ளிகளில் புழங்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் பரிந்துரைக்கப்பட்டன. டிஸ்கி என்பதும் வழக்கில் இருந்தது. எழுதியபோது பயன்படுத்திய எழுத்துரு இல்லையேல் அந்தக் கோப்பு ஊமையாகிவிடும். வட்டெழுத்து அறிந்தார் இன்மையால் கல்வெட்டுகள் வாய்மூடிக் கிடந்த காலம் போன்றது இது. நல்வேளையாக இவற்றை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் உள்ளன. 1998 பொங்கல் நாளில் முனைவர் கு.கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் பழைய மின்பதிப்புகளை இவ்வாறு யூனிகோடுக்கு மாற்றியதனால்தான் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எங்கள் கோப்புக்கும் மூன்றாவது முயற்சியில் எழுத்துரு பொருந்தியது.

எரிக்கப்பட்டவை

தவறினால் இழப்பது ஒரு வகை. வேண்டுமென்றே அழிக்கப்படுவது இன்னொரு வகை. 1981ஆம் ஆண்டு மே இறுதி நாளிலும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் அச்சேறியிருந்த நூல்களை உலகின் பிற நூலகங்களில் தேடிக் காண முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகள் போனவை போனவைதாம். ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டும் நூலகத் திட்டம் 2005இல் தொடங்கியதற்குப் பின்னணியில் அந்தத் தீயின் நினைவு உண்டு.

நம் நாட்டிலும் ஒரு தீ எரிந்தது. 1957இல் ஆங்கிலேயர் விடைபெறுமுன், புதிய அரசிடம் ஒப்படைக்க விரும்பாத கோப்புகளைக் கோலாலம்பூரிலிருந்து லாரிகளில் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்று கடற்படையின் எரியுலையில் இட்டனர். எஞ்சிய சில இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறைத்து வைக்கப்பட்டன. கென்யாவின் மௌ மௌ போராட்டத்தில் வதைப்பட்ட முதியோர் தொடுத்த வழக்கின் விளைவாக 2011இல்தான் அவை வெளிப்பட்டன. 2012 முதல் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. எனினும் நம் தோட்ட மக்களின் நிலையை அறிய வேறொரு வழி மூடப்படாமல் இருந்தது. மலாயாவிலிருந்த இந்திய அரசின் முகவர், தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கைகளைத் தம் அரசுக்கு அனுப்பி வந்தார். அந்தப் படிகள் இங்கே இராமல் வேறு நாட்டில் இருந்தன. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அவற்றைக் கொண்டே நம் மூதாதையரின் சம்பளத்தையும் நோயையும் பள்ளியையும் பற்றி எழுத முடிந்தது.

நாம் செய்யக் கூடியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நம் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, பிரதிபலிக்கும் படியை மட்டும் நம்புதல் கூடாது. அதனோடு, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படியெடுத்து, ஆண்டினை மேலே எழுதி, கணினியோடு இணைக்காமல் தனியே வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதன்மேல் எழுதக்கூடாது. புதிய தட்டையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, ஒரு படியாவது பள்ளி வளாகத்திற்கு வெளியே இருக்க வேண்டும். வெள்ளமும் தீயும் கறையானும் ஒரே அறையிலுள்ள இரண்டு தட்டுகளை வேறுபடுத்திப் பாரா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ பள்ளி வாரியத்திடமோ ஒரு படியை ஒப்படைக்கலாம். மாணவரின் தனிப்பட்ட விவரங்கள் அடங்கியவற்றைப் பூட்டிக் காக்கும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு.

மூன்றாவது, படி எடுத்தால் போதாது, அதனைத் திறந்து பார்க்க வேண்டும். பிக்சாரின் படி பதிவாகவில்லை என்பது இழந்த பிறகே தெரிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏதேனும் பத்துக் கோப்புகளைத் திறந்து பார்ப்பது பெரிய வேலையன்று. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை அப்பொழுதே யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

நான்காவது, ஏதேனும் நீங்கிவிட்டது எனத் தெரிந்தால் அந்தத் தட்டில் வேறெதையும் எழுதாமல் உடனே நிறுத்த வேண்டும். மீட்பு நிரலையும் அதே தட்டில் நிறுவக் கூடாது. இப்போது பரவியுள்ள எஸ்எஸ்டி வகைத் தட்டுகள் நீக்கப்பட்டவற்றின் இடத்தைத் தாமாகவே விரைந்து துப்புரவு செய்துவிடுகின்றன. அவற்றில் மீட்பு மிக அரிது. ஆதலால் படியின் தேவை முன்னினும் கூடியுள்ளது.

ஐந்தாவது, தாளை எறிந்துவிட வேண்டா. வருடிவிட்டோம், இனித் தாள் எதற்கு என்று சொல்வது, கரிவலம்வந்தநல்லூர் ஓமத்தீயை நினைவூட்டுகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். இல்லாமற்போன தோட்டப்பள்ளிகளின் படிகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பாட்டியின் தகரப்பெட்டியில் கிடக்கும் பள்ளி விலகல் சான்றிதழ், வகுப்புப் புகைப்படம், மாமாவின் பரிசுப் புத்தகத்தில் தலைமையாசிரியர் இட்ட கையொப்பம், பழைய மலர் ஒன்று: இவற்றை யாரும் காப்புப்படி என்று கருதி வைத்திருக்கமாட்டார்கள். 1924இல் தொடங்கி 2019 சனவரியோடு நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழிலிருந்து கத்தரித்து வைத்த ஒரு பள்ளிச் செய்தி கூடப் பயன்படலாம். இராம சுப்பையா அவர்கள் 1969இல் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களின் பட்டியலைத் தொகுத்தார். நூல்களுக்கு அவர் செய்ததை நம் பள்ளித் தாள்களுக்கு நாம் செய்ய வேண்டியுள்ளது. அவற்றைக் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து, தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்தில் இருப்போர் ஆகியவற்றை எழுதி, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு ஒரு படி கொடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி, வேறெந்த ஏட்டிலும் தம் பெயர் இல்லாத ஒருவருக்குக் குடியுரிமைச் சான்றாக நிற்கலாம். இந்தப் பள்ளி விடுமுறையில் நம் அலமாரிகளைத் திறந்து பார்ப்போமாக.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு தமிழாசிரியன்